கண்ணு எரியுது, தொண்டை கரகரங்குது: காத்துல என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ண குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க வீடு விளவங்கோடு தாலுகால. வீட்டுக்கு கிழக்கால ஒரு முந்நூறு மீட்டர் தள்ளி ரப்பர் பால் கம்பெனி இருக்கு, எங்க மைனி (அண்ணி) அங்கதான் வேலைக்குப் போறாங்க. எங்க அம்மைக்கு (அம்மாவுக்கு) ராத்திரியானா கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்தும், மைனிக்கு இருமல் நிக்கவே நிக்காது. இதை ஒரு பேப்பர்ல நிரூபிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுல முதல் எட்டு மாசம் சுத்தமா வீண். காசு குடுத்து எடுத்த முதல் ரிப்போர்ட்ல எல்லாமே "அளவுக்குள்" அப்படின்னு வந்துச்சு. ஏன்னா கண்ணை எரிக்கிற அந்த கேஸை அவங்க டெஸ்டே பண்ணல, நானும் அதைக் கேக்கல. இதுல மொத்த விஷயமும் ரெண்டே கேள்விதான்: எந்த கேஸ், எந்த நேரம். இந்த ரெண்டும் தெரியாம ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க.

நான் பட்டது ரப்பர் பால் கம்பெனில. ஆனா அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு கம்பெனி) புகை, ஐஸ் பிளாண்ட் அம்மோனியா, ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்து ஆசிட் வாடை எதுவா இருந்தாலும் வழி இதேதான்.

0. இப்பவே எரிஞ்சிட்டு இருந்தா டெஸ்டை விடுங்க

கேஸ் லீக் ஆகியோ ஆசிட் தெறிச்சோ கண்ணுல பட்டுட்டா முதல்ல நல்ல தண்ணி. குழாயைத் திறந்து விட்டு இமையை விரிச்சுப் பிடிச்சு குறைஞ்சது 15 நிமிஷம் விடாம கழுவுங்க, காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழுவும்போதே எடுத்துருங்க, பொறவு நேரா ஆஸ்பத்திரி, மூச்சு முட்டுனா 108. தாய்ப்பால் விடுறது, விளக்கெண்ணெய் விடுறது எல்லாம் வேண்டாம். அம்மோனியா காரம், அது கண்ணுக்குள்ள ஆசிட்டை விட வேகமா இறங்கும், அதனால முதல் நிமிஷத்துல கழுவுறதுதான் கண்ணைக் காப்பாத்தும். ஓடும்போது காத்து அடிக்கிற திசையோடயே ஓடாதீங்க, குறுக்கால விலகிப் போங்க.

1. எந்த கேஸ்னு முதல்ல கண்டுபிடிங்க

நம்ம மாவட்டத்துல என்ன தொழிலுக்கு என்ன வரும்னு பாத்துக்கோங்க. ரப்பர் பால் கெட்டியாகாம இருக்க அம்மோனியா சேப்பாங்க. அந்தப் பாலை மிஷின்ல சுத்திப் பிரிச்சா மிச்சம் வர்றது ஸ்கிம் பால், அதுல இருக்க அம்மோனியாவை காத்து ஊதி வெளிய விட்டுட்டு பொறவு சல்பியூரிக் ஆசிட் ஊத்தி உறைய வைப்பாங்க. அந்த ஊதுற நேரம்தான் சுத்துவட்டாரத்துக்கு கண்ணு எரியுற நேரம், இதை எனக்கு எந்த ஆபீசரும் சொல்லல, மைனிதான் சொன்னாங்க. ஷீட் அடிக்கிற இடத்துல பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட். ஐஸ் பிளாண்ட், மீன் கம்பெனில குளிரூட்ட அம்மோனியா. அண்டி வறுக்கிற இடத்துல தோட்டு எண்ணெய் எரிஞ்ச புகை, அது கண்ணு மட்டுமில்ல, தோலையும் பொத்து விடும். தேங்காத் தொண்டு (மட்டை) அழுக வைக்கிற காயல் பக்கம் அழுகின முட்டை வாடை வந்தா ஹைட்ரஜன் சல்பைடு.

கம்பெனிக்குள்ள வேலை பாக்குறவங்க இருந்தா கேன்ல ஒட்டியிருக்க லேபிளை மட்டும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு, 16 பகுதி இருக்கும். 4ஆம் பகுதில முதலுதவி, 8ல எவ்வளவு வரை சுவாசிக்கலாம்ங்கற அளவு, 11ல உடம்புக்கு என்ன பண்ணும்னு இருக்கும். அதுல ஹெச்319 னு போட்டிருந்தா கண்ணுக்குக் கடுமையான எரிச்சல், ஹெச்335 னா மூச்சுக்குழல் எரிச்சல், ஹெச்314 னா தோலும் கண்ணும் வெந்து போற அளவுக்கு அரிக்கும்னு அர்த்தம்.

வீட்டுல பண்ணக்கூடிய சின்னச் சோதனை ஒண்ணு: ஸ்கூல் லேப்ல வச்சிருக்க சிவப்பு லிட்மஸ் தாளை நல்ல தண்ணில நனைச்சு ஜன்னல்ல ஒட்டி வைங்க. காத்துல அம்மோனியா போதுமான அளவு இருந்தா நீலமாகும். ஆசிட் ஆவியா இருந்தா நீலத் தாள் சிவக்கும். இது இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது, எந்த ஆபீஸ்லயும் செல்லாது. ஆனா லேப்ல எதைக் கேக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும். மாட்டுத்தொழுவம், கோழிக்கூடு, கக்கூஸ் பக்கம் வைக்காதீங்க, அங்கயும் அம்மோனியா வரும், நாளைக்கு கம்பெனிக்காரங்க அதையே சொல்லித் தப்பிப்பாங்க.

மூக்கை நம்பி முடிவு பண்ணாதீங்க. வாடை பழகிப் போயிரும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாம ஆயிடும், அது இன்னும் ஆபத்து. வாடை போயிருச்சேன்னு யாரும் தொட்டிக்குள்ள இறங்கிராதீங்க.

2. ஒரு நோட்டு போடுங்க, மூணு வாரமாவது எழுதுங்க

செலவு இருபது ரூபா. ஆனா எனக்கு கடைசில எல்லாத்தையும் விட இதுதான் உதவுச்சு. தேதி, மணி, காத்து எந்தப் பக்கமிருந்து, வாடை 0ல இருந்து 5க்குள்ள எவ்வளவு, யாருக்கு என்ன பண்ணுச்சு, மழை உண்டா இல்லையா. காத்து திசை பாக்க மொட்டை மாடில ஒரு கம்புல பிளாஸ்டிக் நாடா கட்டி விட்டேன், ராத்திரி நாடா தெரியலன்னா ஒரு ஊதுபத்தி போதும்.

எங்க நோட்டுல இருபத்திரெண்டு நாள் எழுதுனதுல ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுது, எரிச்சல் வந்த நாள் பூரா ராத்திரி ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும் இடையில, காத்து கிழக்கால இருந்து வர்ற நாள்ல மட்டும். மைனி கிட்ட கேட்டா ஸ்கிம் தொட்டில ஊதுறது அந்த நேரம்தான். ஞாயித்துக்கிழமை பூரா காலி. அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு எங்க அம்மை, "நான் சும்மா சொல்லுகேன்னு நெனச்சியா மக்கா"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க.

அக்கம்பக்கத்து வீட்லயும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ஒருத்தர் நோட்டைப் பாத்து இன்னொருத்தர் எழுதக் கூடாது, கையெழுத்து போட்டு வாங்கி வைங்க.

3. எப்போ டெஸ்ட் பண்ணணும்

நான் முதல் டெஸ்ட் எடுத்தது ஜூன் கடைசில. நல்ல தென்மேற்குப் பருவமழை. அம்மோனியா தண்ணில சட்டுனு கரையுற கேஸ், மழை பெஞ்சா காத்துல இருக்கது கழுவிட்டுப் போயிடும். போதாக்குறைக்கு காத்து மேற்கால இருந்து அடிச்சுது, கம்பெனி புகை எங்க பக்கமே வரல. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால சும்மா ஒரு தேதி குறிச்சா பாதி சான்ஸ் மழைல போயிரும்.

ரப்பர் பால் நிறைய வர்றது அக்டோபர்ல இருந்து ஜனவரி வரை, பிப்ரவரில இலை உதிர்ந்து வெட்டு குறையும். அதனால பால் கம்பெனிக்கு டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல நேரம்: மழை குறைஞ்சிருக்கும், கம்பெனி முழு வேலைல இருக்கும், ராத்திரில காத்து அசையாம நிக்கும். மத்த தொழிலுக்கு வேலை மும்முரமா நடக்கிற மாசம் எதுன்னு அங்க வேலை பாக்குறவங்க கிட்ட கேளுங்க.

4. லேப் பிடிக்கிறது: இங்கதான் காசு போகும்

லேப்புக்கு என்ஏபிஎல் (லேப்களைச் சோதிச்சு அங்கீகாரம் குடுக்கிற தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கணும். அது மட்டும் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனி. தண்ணிக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கி வச்சிட்டு காத்தும் பாக்குற லேப் உண்டு. என்ஏபிஎல் வெப்சைட்ல லேப் பேரைப் போட்டு அவங்க பட்டியலை இறக்கி, காத்து பகுதில உங்களுக்கு வேண்டிய கேஸ் பேரு இருக்கான்னு கண்ணால பாத்துட்டு பொறவு போன் பண்ணுங்க.

"ஏர் டெஸ்ட் பண்ணணும்"னு சொன்னீங்கன்னா வழக்கமான பேக்கேஜ்தான் குடுப்பாங்க: தூசி ரெண்டு வகை, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு. நான் ஏமாந்தது இங்கதான். நான் பின்னாடி அனுப்புன மெயில்ல இப்படி எழுதுனேன், இதையே எடுத்துக்கோங்க: "அம்மோனியா மட்டும் வேண்டும். இரவு 9 முதல் 11 வரை ஒரு மணி நேர சாம்பிள் இரண்டு, அதே இடத்தில் 24 மணி நேர சாம்பிள் ஒன்று. எந்த முறையில் அளப்பீர்கள், அந்த முறையில் அளக்க முடிந்த குறைந்த அளவு எவ்வளவு, ஃபீல்ட் பிளாங்க் வைப்பீர்களா, பம்பின் கேலிப்ரேஷன் சான்றிதழ் தருவீர்களா என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

ஃபீல்ட் பிளாங்க்னா காத்து இழுக்காத ஒரு பாட்டிலையும் கூடவே கொண்டு வந்து கொண்டு போறது. அது இல்லன்னா "பாட்டில்லயே அழுக்கு இருந்துருக்கும்"னு எதிர் ஆளு சொல்லிருவாங்க.

செலவு: எனக்கு முதல்ல வீணாப் போன பேக்கேஜ் 7,500 ரூபா. ரெண்டாவது தடவை மூணு சாம்பிளும் வண்டிச் செலவும் ராத்திரி ஆள் நிக்கிறதுக்கும் சேத்து 11,000. நாங்க நாலு வீடு சேந்து பிரிச்சுக்கிட்டோம். லேப்புக்கு லேப் விலை மாறும், மூணு இடத்துல எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க, வரியும் போக்குவரத்தும் சேத்தா சேக்காமலான்னு கேட்டுக்கோங்க. ரிப்போர்ட் எனக்கு பன்னெண்டு நாள்ல வந்துச்சு.

5. சாம்பிள் எடுக்கிற அன்னைக்கு

கூடவே நில்லுங்க. ஒரு சின்ன பம்பு, அதுல மாட்டுன கண்ணாடிக் குப்பி, குப்பில நீர்த்த சல்பியூரிக் ஆசிட், காத்து அதுக்குள்ள குமிழ் குமிழா போகும், அம்மோனியா அதுல பிடிபடும். லேப்ல கொண்டு போய் அதுல ரசாயனம் சேத்தா நீலமாகும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அம்மோனியா. பாட்டிலை ஐஸ் பெட்டில வச்சு கொண்டு போறாங்களான்னு பாருங்க.

ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், காத்து திசை, பம்பு வேகம் எல்லாம் அவங்க ஷீட்ல எழுதுறதை போட்டோ எடுங்க, தேதியும் இடமும் விழற மாதிரி. எங்க வீட்ல அன்னைக்கு ஒம்பதரைக்கு கண்ணு எரிய ஆரம்பிச்சுது, சாம்பிள் எடுக்க வந்த பையன் அவனே கண்ணாடியைக் கழட்டி கண்ணைத் துடைச்சான், அந்த நேரத்தையும் ஷீட்ல எழுத வச்சேன். பாட்டிலுக்கு சீல் ஒட்டுறதுக்கு முன்னாடி அதோட நம்பரை நீங்களும் குறிச்சுக்கோங்க.

கம்பெனிக்குள்ள, மதில் மேல ஏறி யாரும் சாம்பிள் எடுக்கப் போகாதீங்க. உங்க சொந்த இடத்துல எடுக்கிறதுக்கு யார் அனுமதியும் தேவையில்ல.

6. ரிப்போர்ட்டைப் படிக்கிறது

இதுல ரெண்டு பொறி இருக்கு, ரெண்டுலயும் நான் விழுந்தேன், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

ஒண்ணு, எந்த அளவோட ஒப்பிடுறாங்கங்கறது. குடியிருப்புப் பகுதிக்கு 2009 தேசிய காற்றுத் தர அளவுப்படி அம்மோனியா 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம், வருஷ சராசரி 100. வேலை பாக்குற இடத்துக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட இரண்டாம் அட்டவணைல எட்டு மணி நேர சராசரி 25 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு), கொஞ்ச நேரத்துக்கு 35னு இருந்துச்சு; 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துருச்சு. ஒரு பிபிஎம் அம்மோனியான்னா சுமார் 700 மைக்ரோகிராம். அப்போ 25 பிபிஎம் பதினேழாயிரத்துக்கு மேல போகும், வீட்டுக்கான அளவை விட நாப்பது மடங்குக்கும் மேல. உங்க வீட்டு சாம்பிளை தொழிற்சாலை அளவோட வச்சுப் பாத்தா எப்பவுமே "அளவுக்குள்"தான் வரும். வயசானவங்களும் பிள்ளையளும் 24 மணி நேரமும் இருக்கிற இடத்தை எட்டு மணி நேரம் வேலை பாக்குற ஆளோட அளவால அளக்கக் கூடாது.

ரெண்டாவது, சராசரி. ராத்திரி அரை மணி நேரம் 7,000 மைக்ரோகிராம் வந்து, மிச்ச நேரம் ஒண்ணுமே இல்லன்னு வைங்க. 24 மணி நேரத்துக்கு சராசரி போட்டா 146 தான். 400க்குள்ள. அந்த அரை மணி நேரம் 10 பிபிஎம், கண்ணு எரியாம இருக்குமா? எங்களுக்கு வந்தது ஒரு மணி நேர சாம்பிள்ல 1,900, அதே நாள் 24 மணி நேர சராசரி 190. ரெண்டும் ஒரே ரிப்போர்ட்ல பக்கத்துல பக்கத்துல இருந்ததாலதான் அடுத்த ஆபீஸ்ல உக்கார வச்சுப் பேசுனாங்க. ஒரு மணி நேரத்துக்கு அம்மோனியாவுக்கு தேசிய அளவு கிடையாது, அதனால அந்த 1,900 மட்டும் சட்ட மீறல்னு எழுதிக் குடுக்காதீங்க, நோட்டோட சேத்துக் குடுங்க.

7. உடம்பை டெஸ்ட் பண்றது

காத்து ரிப்போர்ட் மட்டும் வச்சு ஒண்ணும் ஆகாது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தனித்தனி ஓபி உண்டு. தக்கலை, குழித்துறை பக்கத்துக்காரங்க முதல்ல அங்க இருக்க அரசு ஆஸ்பத்திரில காட்டி எழுதி வாங்கிட்டுப் போகலாம். காலைல சீக்கிரம் போங்க, ஆதார், பழைய சீட்டு எல்லாம் எடுத்துக்கோங்க. கண்ணும் நெஞ்சும் ஒரே நாள்ல முடியும்னு எதிர்பாக்காதீங்க, எங்களுக்கு மூணு நாள் அலைச்சல்.

டாக்டர்கிட்ட "கண்ணு எரியுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. என்ன வேலை, எந்த கெமிக்கல், எத்தனை வருஷம், லீவு நாள்ல குறையுதா, இந்த நாலையும் சொல்லி சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. நோட்டைக் காட்டுங்க.

கண்ணுக்கு: மஞ்சள் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப் மாதிரி மிஷின்ல கருவிழில புண்ணு இருக்கான்னு பாப்பாங்க. சாயம் விட்டுட்டு கண்ணு சிமிட்டாம இருக்கச் சொல்லி கண்ணீர்ப் படலம் எத்தனை செகண்ட்ல உடையுதுன்னு எண்ணுவாங்க, பத்து செகண்டுக்குக் குறைஞ்சா சரியில்ல. கீழ் இமைல ஒரு சின்ன தாள் கீத்தை மாட்டி அஞ்சு நிமிஷம் உக்கார வைப்பாங்க, எத்தனை மில்லிமீட்டர் நனையுதுங்கறது கணக்கு. அம்மைக்கு வலது கண்ணுல ஆறு மில்லிமீட்டர்தான் நனைஞ்சுது. வயசானாலும் கண்ணு வறளும், அதனால இந்த டெஸ்ட் தனியா எதையும் நிரூபிக்காது, எரிச்சல் வந்த மறுநாளும், ஒரு வாரம் ஊர்ல இல்லாம இருந்த பொறவும் ரெண்டு தடவை எடுத்தா வித்தியாசம் தெரியும்.

நெஞ்சுக்கு ஸ்பைரோமெட்ரி. நல்லா மூச்சை இழுத்துட்டு, நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சா ஆறு செகண்ட் ஊதணும், மருந்து குடுத்து மறுபடி ஊத விடுவாங்க. இன்ஹேலர் எடுக்கிறவங்க எத்தனை மணி நேரம் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மைனியை ஒரு மாசம் லீவுல இருந்தப்போ கூட்டிட்டுப் போனேன், நார்மல்னு வந்துச்சு. வேலைக்குப் போற நாளா பாத்துத்தான் போகணும்.

இதை விட நல்லது பீக் ஃப்ளோ மீட்டர், ஊதுற மூச்சோட வேகத்தை அளக்கிற சின்னக் குழாய், மெடிக்கல் ஷாப்ல சொன்னா வரவழைச்சுத் தருவாங்க, நான் வாங்குனது 650 ரூபா. ஒரு நாளைக்கு நாலு தடவை, வேலை நாளும் லீவு நாளும் சேத்து நாலு வாரம் ஊதி எழுதணும், ஒவ்வொரு தடவையும் மூணு ஊது ஊதி அதுல கூடினதை எழுதுங்க. மைனிக்கு ஞாயித்துக்கிழமை 360, வேலை நாள் சாயங்காலம் 280. நெஞ்சு டாக்டர் அந்தத் தாளைப் பாத்ததும்தான் "இது வேலை இடத்துப் பிரச்சனை மாதிரி இருக்கு"ன்னு சீட்டுல எழுதுனாரு.

ரத்தத்துல அம்மோனியா பாக்குற டெஸ்டுக்கு காசு குடுக்காதீங்க. அது ஈரல் கோளாறுக்குப் பாக்குறது. மூச்சுல போற அம்மோனியா மூக்கு தொண்டை ஈரத்துலயே பெரும்பாலும் கரைஞ்சு நின்னுரும், ரத்தத்துல தெரியாது.

மாசச் சம்பளம் 21,000 வரை உள்ளவங்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிச்சா அந்த கார்டு வச்சு வைத்தியம் இலவசம். சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாசமும் எடுத்து வைங்க, வேலை பாத்ததுக்கு அதுதான் சாட்சி.

8. புகார் குடுக்கிறது

நீங்க காசு குடுத்து எடுத்த ரிப்போர்ட் துணைச் சான்றுதான். கோர்ட்ல நடவடிக்கைக்கு 1981 காற்றுச் சட்டம் 26ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி முறையா நோட்டீஸ் குடுத்து எடுத்த சாம்பிள்தான் நிக்கும். அதனால மனுவுல "நடவடிக்கை எடுங்க"ன்னு மட்டும் எழுதாம "இரவு 9 முதல் 11 மணிக்குள் நேரில் வந்து அம்மோனியா சாம்பிள் எடுக்க வேண்டும்"னு எழுதுங்க. பகல் பதினோரு மணிக்கு வந்து பாத்துட்டு வாடை இல்லன்னு போயிருவாங்க, எங்களுக்கு ரெண்டு தடவை அப்படித்தான் ஆச்சு.

வீட்டுப் பக்கத்துப் பிரச்சனைக்கு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். உள்ள வேலை பாக்குறவங்க பிரச்சனைக்கு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புகார் குடுத்தது யாருன்னு இன்ஸ்பெக்டர் வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, மைனி மாதிரி பயந்துட்டு இருக்கவங்களுக்கு இதைச் சொல்லுங்க. ரெண்டு மனுவையும் ஒண்ணாக் கலக்காதீங்க, கலந்தா இவிய அவியளைக் கைகாட்டுவாவ. கூடவே திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல ஒரு நகல் குடுத்து ரசீது நம்பர் வாங்குங்க. முதலமைச்சர் உதவி மைய எண் 1100ல பதிஞ்சாலும் நம்பர் வரும்.

இதுக்கு முன்னாடியே, முடிஞ்சா நோட்டு எழுத ஆரம்பிக்கிற அன்னைக்கே, தகவல் உரிமை மனு ஒண்ணு போட்டுருங்க: அந்தக் கம்பெனியோட இசைவாணை (கம்பெனி நடத்த வாரியம் குடுக்கிற அனுமதி) நகல், கடைசி மூணு வருஷ ஆய்வறிக்கை, காற்று ஆய்வு முடிவுகள். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட். 30 நாள்ல பதில் வரணும், நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபா. வரலன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. இசைவாணைல என்னென்ன நிபந்தனை போட்டிருக்காங்கன்னு வரிவரியா படிங்க. எங்க விஷயத்துல ஸ்கிம் தொட்டியை மூடி வச்சு ஆவியை தண்ணில கழுவி விடணும்னு அதுலயே இருந்துச்சு, தொட்டி திறந்தே கிடந்துச்சு. அளவு 400ஐ தாண்டுச்சா இல்லையான்னு சண்டை போடுறதை விட இந்த ஒரு வரி பலமா நின்னுச்சு.

9. ஃபைல்ல என்னென்ன இருக்கணும்

நோட்டு நகல், அக்கம்பக்கத்து நோட்டுகள், லேப் கொட்டேஷன், சாம்பிள் ஷீட் போட்டோ, ரிப்போர்ட், லேபோட அங்கீகாரப் பட்டியல், ஓபி சீட்டு எல்லாம், பீக் ஃப்ளோ தாள், சம்பளச் சீட்டு, இசைவாணை நகல், ஒவ்வொரு மனுவோட ரசீதும். ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காதீங்க, நகல்தான். ஆஸ்பத்திரி சீட்டு மை சீக்கிரம் மங்கும், வாங்குன அன்னைக்கே போன்ல ஸ்கேன் பண்ணிருங்க.

மொத்தமா ரெண்டாவது தடவை ஒழுங்கா பண்ணப்போ எனக்கு ஆன காலம்: நோட்டு மூணு வாரம், லேப் பிடிக்க ரெண்டு வாரம், ரிப்போர்ட் பன்னெண்டு நாள், உடம்பு டெஸ்ட் நோட்டு எழுதுற நேரத்துலயே ஒரு மாசம், மனு குடுத்து ராத்திரி ஆய்வுக்கு ஆள் வர ஏழு வாரம். இப்போ தொட்டிக்கு மூடி போட்டிருக்காங்க, ஆவி கழுவுற அமைப்பு இன்னும் வரல. நோட்டு இப்பவும் எழுதிட்டுத்தான் இருக்கோம், போன வாரம் ரெண்டு நாள் மட்டும் வாடை 2.